நால்வரும் ஏறினால் நகரும் படகு

அக்கா என்னை முதுகில் குத்தினாள். இப்படிச் சொன்னால் அலுவலகத்தில் எல்லோரும் சொத்துத் தகராறு போலிருக்கிறது என்று முகத்தைச் சோகமாக்கிக்கொள்கிறார்கள். அதெல்லாம் இல்லை. நிஜமாகவே சத்தமில்லாமல் பின்னால் வந்து, இடுப்பிலிருந்து கத்தியை உருவிக் குத்தினாள். ஒரு வீடியோ கேமில். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானும் அன்றைக்குச் சிரிக்கத்தான் பார்த்தேன், வரவில்லை.

விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் யாருக்கும் புரியாது. மந்திரமும் மாயமும் கலந்த ஒரு பழங்காலத் துறைமுக நகரம். சுற்றிலும் கோட்டைச் சுவர், நடுவில் அரண்மனை, அரண்மனைக்குள் ஒரு பேழை. நான்கு பேர் கொண்ட திருட்டுக் கும்பல் அந்தப் பேழையை யார் கண்ணிலும் படாமல் எடுத்துக்கொண்டு போய் ஆற்றங்கரையில் நிற்கும் படகில் ஏற்ற வேண்டும். அதே பேழைக்காக இன்னொரு நால்வர் கும்பலும் அதே கோட்டைக்குள் அலையும். காவலர்கள் கம்ப்யூட்டர், அந்த இன்னொரு கும்பல் மட்டும் எங்கோ ஒரு வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதர்கள். நால்வரும் ஏறினால்தான் படகு நகரும். மூன்று பேர் ஏறிக்கொண்டு, அகப்பட்ட ஒருத்தியை விட்டுவிட்டுப் போக முடியாது. பேழை கையில் இருந்தாலும் அவளுக்காகக் காத்திருந்துதான் ஆக வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே எனக்கு அந்த விளையாட்டைப் பிடித்துப்போனது.

எங்கள் கும்பலில் அக்கா வில்லாளி. அவள் அம்பு தைத்த எதிராளி சுவருக்குப் பின்னால் நின்றாலும் எங்கள் கண்ணுக்குத் தெரிவான். செமினியில் இருக்கும் மாமா மகன், என் மச்சான், பேழையைத் தூக்கும் பலசாலி. என்னோடு ஷா ஆலமில் வேலை பார்க்கும் தோழி, சுங்கை பூலோக்காரி, காவலர்களைப் புகை போட்டுத் தூங்கவைக்கும் மருத்துவச்சி. நான் மாயக்காரி. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டேன். சொந்தக் கும்பலுக்கும் தெரியாது. எங்கே இருக்கிறேன் என்று நானே வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

அம்மாவுக்கு இது பெரிய அவமானம். "ஒண்ணு கிள்ளான்ல உக்காந்து திருடுது, இன்னொண்ணு பிரிக்பீல்ட்ஸ்ல உக்காந்து திருடுது. நல்லா வளத்திருக்கேன் லா" என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சனிக்கிழமை மத்தியானம் நான் ஹெட்போனை மாட்டினால் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள். கல்யாணம் ஆகாதவள் இப்படி உட்கார்ந்திருக்கிறாளே என்ற கோபம் அது. அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால் அவளை ஒன்றும் சொல்லமாட்டாள்.

அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு எவ்வளவு பெரியவை என்று அம்மாவுக்குத் தெரியாது. அக்கா கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனதோடு எனக்கு இல்லாமல் போயிருந்தாள். கிள்ளான் என்ன நிலாவிலா இருக்கிறது? ஆனாலும் தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு வருவாள், அம்மாவோடு பேசுவாள், அத்தான் கார் சாவியை எடுத்ததும் எழுந்துவிடுவாள். நானும் அவளும் பேசவேண்டியது எல்லாம் வாசலில் செருப்பு மாட்டும் நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்த விளையாட்டு வந்த பிறகுதான் அவள் எனக்குத் திரும்பக் கிடைத்தாள். ஒளிந்து விளையாடும் விளையாட்டில் பாதி நேரம் காத்திருப்பதுதான் வேலை. காவலன் கடந்து போகும்வரை புதருக்குள் கிடக்க வேண்டும். அப்போது காதுக்குள் அவள் குரல் கிசுகிசுக்கும். தான் வேலையை விட்டதற்கு இன்னும் வருத்தப்படுவதையும், என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் ஒருவரைக்கூட அவளுக்குப் பிடிக்காததையும் புதருக்குள் இருந்துதான் சொன்னாள். அம்மாவிடம் சொல்லாததை நானும் அங்கே சொன்னேன். எனக்கு அந்தப் பேழை கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான். அக்கா வேண்டும், அவ்வளவே.

கோட்டைக்குள் ஒவ்வொரு இடத்துக்கும் நாங்களே பெயர் வைத்திருந்தோம். எந்நேரமும் கூட்டமாக இருக்கும் வடக்கு வாசல் எங்களுக்குக் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன். மூட்டைகள் அடுக்கிய கிடங்கு, எங்கள் சந்தையான பாசார். காவலர்கள் எல்லாம் ஜாகா. மணிக்கூண்டின் பின்பக்கம், ஏணி ஏறிப் போனால் ஒரு இருட்டு மூலை உண்டு. அதற்கு அக்காதான் தண்ணித் தொட்டி என்று பெயர் வைத்தாள். நாங்கள் பிறந்து வளர்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்னால் அப்படி ஒரு தொட்டி இருந்தது. மச்சானுக்கும் தோழிக்கும் அது வெறும் பெயர்.

இந்தப் பெயர்களுக்கு ஒரு காரணம் உண்டு. அந்த விளையாட்டில் எதிராளி பக்கத்தில் வந்துவிட்டால் நாம் பேசுவது அவர்கள் காதிலும் விழும். மற்ற கும்பல்கள் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். நாங்கள் தமிழில் பேசினோம், அதிலும் பிரிக்பீல்ட்ஸ் பெயர்களைப் போட்டுப் பேசினோம். யாருக்குப் புரியப்போகிறது என்ற திமிர். இந்த ஊர்த் தமிழர்கள் எல்லோருக்கும் இருக்கும் வியாதி இது. ஒருமுறை எல்.ஆர்.டி. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த சீன அங்கிளின் பூப்போட்ட சட்டையை நானும் அக்காவும் வாய்வலிக்கக் கேலி செய்துகொண்டு போனோம். இறங்கும்போது அவர் எங்கள் பக்கம் குனிந்து, "வைஃப் வாங்கிக் குடுத்தது மா, நல்லா இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போதும் எங்களுக்குப் புத்தி வரவில்லை.

போட்டி ஒன்று அறிவித்தார்கள். ஆரம்பச் சுற்றுகளை அவரவர் வீட்டிலிருந்தே விளையாடலாம். கடைசிச் சுற்று மட்டும் ஒரு பெரிய ஷாப்பிங் மாலில், மேடை போட்டு, எல்லோரும் பார்க்க. எனக்கு அந்த மேடை வேண்டும் என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அக்கா மேடையேறிப் பரிசு வாங்கும்போதெல்லாம் கீழே உட்கார்ந்து கை தட்டியவள் நான். ஒரே ஒரு தடவை அவள் பக்கத்தில் நிற்கவேண்டும், ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு. தோழி டீ-ஷர்ட்டுக்கு நிறம்கூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

பதிவு செய்வதற்கு முன் அக்கா போன் செய்தாள். "மகளுக்கு எக்ஸாம் வருதுடி. நான் பக்கத்துல இருந்து படிக்க வைக்கணும். இந்தப் போட்டி எனக்கு வேணாம் லா, நீங்க விளையாடுங்க" என்றாள். எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் பிள்ளை படிப்பைவிட இது பெரிதா என்று நானே அவளுக்குச் சமாதானம் சொன்னேன். அவளும் "நீ நல்லா புரிஞ்சிக்கிற" என்று சொல்லிப் போனை வைத்தாள். அவள் இடத்துக்குத் தோழியின் கணவர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவர் ரகசியம் பேசினாலே தூங்குகிற ஜாகாவெல்லாம் எழுந்துகொள்வான். அவரை வைத்துக்கொண்டே தட்டுத் தடுமாறி ஜெயித்து வந்தோம். இன்னும் ஒரு ஆட்டம் ஜெயித்தால் மேடை.

அந்த ஆட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். எதிர்க் கும்பலின் பெயர்களை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. ஆரம்பத்திலிருந்தே அவர்கள் எங்களுக்கு முன்னால் போய் நின்றார்கள். நாங்கள் பாசார் வழியாகப் போனால் பாசாரில் நின்றார்கள். பாலத்துக்குக் கீழே போனால் அங்கேயும் ஒருவன் நின்றான். "இவனுங்களுக்கு என்ன, மூக்குல வேர்க்குதா?" என்று மச்சான் கத்தினான். எப்படியோ அடித்துப் பிடித்துப் பேழையை எடுத்துவிட்டோம். மூன்று பேரும் பேழையோடு படகுக்குப் போய்விட்டார்கள். வாசலை அடைத்துவிட்டு வரும் வேலை எனக்கு. அடைத்தேன். ஜாகாக்கள் திரண்டு வந்தார்கள். நான் மணிக்கூண்டின் ஏணியில் ஏறித் தண்ணித் தொட்டிக்குள் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்தால் அவர்கள் கலைந்துவிடுவார்கள், இறங்கி ஓடினால் படகு. தோழி காதுக்குள் "வா, வா, சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்போது கீழே ஒரு குரல் கேட்டது. "தண்ணித் தொட்டில இருப்பா. நான் போய்ப் பாக்குறேன்."

அது அக்காவின் குரல். இப்போது யோசித்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் அந்த நேரம் எனக்கு வந்தது சந்தோஷம். மகளின் பரீட்சை முடிந்துவிட்டது, தோழியின் கணவரை எழுப்பிவிட்டு அக்கா அவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள், என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள் என்றே என் புத்தி நினைத்தது. ஆட்டத்தின் நடுவில் ஆளை மாற்ற முடியாது என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. நான் சுவரைவிட்டு வெளியே வந்தேன். ஏணியில் ஏறி வந்தவளின் இடுப்பில் எதிர்க் கும்பலின் சிவப்புக் கச்சை இருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. "வா, போகலாம்" என்று கையசைக்க ஒரு பட்டன் உண்டு, அதை அழுத்தினேன். பிறகு அவளுக்கு வழிகாட்டுகிறேன் என்று திரும்பி ஏணியைப் பார்த்து நடந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு.

திரை இருண்டது. ஹெட்போனுக்குள் அவள் மைக் வழியாக ஒரு ஆண் குரல் கத்தியது: "அடிச்சிட்டா! என் வைஃப் அடிச்சிட்டா லா!" அது அத்தான். அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. படகில் மூவரும் காத்துக்கொண்டு நின்றார்கள். "எங்க இருக்க? எங்க இருக்க?" என்று தோழி கேட்டுக்கொண்டே இருந்தாள்.  குத்துப்பட்டு விழுந்தால் மறுபடி எழச் சில நிமிடம் ஆகும். நான் எழுந்து வருவதற்குள் சிவப்புக் கச்சைக்காரர்கள் படகைச் சூழ்ந்து பேழையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தோற்றது பெரிய விஷயமில்லை. மேடை போனதும் போகட்டும். தண்ணித் தொட்டி என்று அவள் வாயால் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. எங்கள் அப்பா வெளியே தங்கமான மனிதர். வீட்டில் கோபம் வந்தால் பெல்ட்டைக் கழற்றுவார், பெரும்பாலும் எனக்காகத்தான், ஏனென்றால் எதிர்த்துப் பேசுகிறவள் நான். நான் ஓடிப்போய்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்துகொள்வேன். அது அக்காவுக்கு மட்டும் தெரியும். "எங்க போனா அவ? சொல்லு!" என்று அப்பா அவளைப் பிடித்து உலுக்குவார். தெரியாது என்பாள். என் பங்கு அடியையும் சேர்த்து வாங்கியிருக்கிறாள். கடைசிவரை சொன்னதில்லை. அந்த மூலைக்குத் தண்ணித் தொட்டி என்று அவள் பெயர் வைத்த அன்றைக்கு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் அதை மறக்கவில்லை என்று எனக்கு அப்படியொரு நிம்மதி.

அவள் கூப்பிடுவாள் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு நானே காரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். வழியெல்லாம் கேட்கவேண்டியதை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்து லோரிக்காரர் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

அத்தான்தான் கதவைத் திறந்தார். முகமெல்லாம் பல். "வா வா! கோவமா? அக்கா எப்படி அடிச்சா பாத்தியா? எங்க ஆபீஸ் ஆளுங்க எல்லாம் இன்னும் அதயேதான் பேசுறாங்க" என்றார். அவருடைய அலுவலகத்துக்காரர்கள் கும்பல் அது. மாதக்கணக்காகச் சேர்ந்து பழகியிருக்கிறார்கள் என்பதையும் அவரே மறைக்கத் தெரியாமல் சொன்னார். மாதக்கணக்காக. அப்படியென்றால் எங்களோடு சனிக்கிழமை, அவர்களோடு வேறு நாட்கள். பரீட்சை என்பது என் காதில் சுற்றிய பூ.

அக்கா சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"எக்ஸாம்னு ஏன் பொய் சொன்ன?"

"சொன்னா நீ அழுவ."

"இப்ப மட்டும் என்ன சிரிக்கிறேனா?"

"கத்தாத, அவரு காதுல விழும்." டீயை என் முன்னால் வைத்தாள். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல நான் ஏதோ ஒண்ணுல கெட்டிக்காரின்னு அவரு வாயில வந்தது இதுக்குத்தான்டி. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாரு, என் வைஃப் தான் பெஸ்ட்னு. அவரு கேட்டப்ப நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?"

அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் இன்னும் ஏறியதே தவிர இறங்கவில்லை. "விளையாடு. யார் வேணாம்னா? தண்ணித் தொட்டிய ஏன் சொன்ன?" என்றேன்.

அவள் ஹால் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவரு பக்கத்துலயே உக்காந்து, எங்க இருப்பா, எங்க இருப்பான்னு நச்சரிச்சிக்கிட்டே இருந்தாரு. வேற யாராவது அங்க வந்துட்டா? அதான் நானே போய்ப் பாக்குறேன்னு சொன்னேன். ஏறிப் பாத்துட்டு, யாரும் இல்லன்னு சொல்லிட்டு எறங்கியிருப்பேன். நீ ஏன்டி வெளிய வந்த? வந்து கைய வேற ஆட்டுற. அவரு பாத்துட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?"

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. உண்மையாக இருக்கலாம். என்னைக் காப்பாற்றத்தான் ஏறி வந்திருக்கலாம். என்னைக் குத்தியபின் நன்றாக யோசித்துக் கட்டிய கதையாகவும் இருக்கலாம். முன்பெல்லாம் அவள் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன், நம்புகிறேனா என்று என்னையே கேட்டதுகூட இல்லை. அன்றைக்கு அந்தச் சமையலறையில் நின்று முதல் தடவையாகக் கேட்டுப் பார்த்தேன்.  டீயைக் குடித்தேன். நன்றாக இருந்தது, அவள் டீ எப்போதும் நன்றாக இருக்கும். "சரி, விடு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாலில் நடந்த கடைசிச் சுற்றுக்கு நான் போகவில்லை. அம்மா போனாள், அத்தான் கார் அனுப்பியிருந்தார். மூத்த மகள் மேடையில் இருந்தால் திருட்டும் கௌரவமாகிவிடுகிறது. முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது. அதோடு அத்தானுக்கும் அந்த விளையாட்டு அலுத்துப்போயிற்று. அவருடைய கும்பல் கலைந்தது.

சில வாரம் கழித்து அக்கா கூப்பிட்டாள். "சனிக்கிழம வரட்டா?" என்றாள். தோழிக்கும் மச்சானுக்கும் ஆட்சேபணை இல்லை. அவளைப்போல அம்பு விடுகிறவர்கள் யார் கிடைப்பார்கள்? நானும் "வா" என்றேன். இப்போது எல்லாம் பழையபடி நடக்கிறது. அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள். புதருக்குள் கிடந்துகொண்டு அக்கா மகளின் சேட்டையைச் சொல்கிறாள், நான் சிரிக்கிறேன். ஒப்புக்கல்ல, நிஜமாகவே சிரிக்கிறேன்.

போன சனிக்கிழமை பேழையை எடுத்தாயிற்று. ஜாகாக்கள் துரத்த, ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். நான் அரண்மனை மேல்மாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

"எங்க இருக்க?" என்றாள் அக்கா. "சொல்லு, நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

"கீழ, குதிரை லாயத்துல" என்றேன்.

மேலிருந்து சன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா குனிந்தபடி முற்றத்தைக் கடந்து, என்னைத் தேடிக்கொண்டு லாயத்துக்குள் ஓடினாள்.